சிறகு தட்டாத கூழைக்கடா

பனி மூடிய ஓர் அல்லிக்குளம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று அங்குள்ள மீன்களுக்கே தெரியாது. அந்தக் குளத்தை நாரைகள் ஆண்டுவந்தன. நீர்நாய்களின் முன்னோர் இரவலாகக் கொடுத்த குளம் அது. கெடு முடிந்துவிட்டது. விடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. போகிறவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை எடுத்துப் போக வேண்டும். முன்பே இருந்ததை விட்டுப் போக வேண்டும். பக்கத்து ஏரியில் வாழும் பை அலகுப் பறவையான கூழைக்கடா சாட்சியாக நின்று சிறகைத் தட்டினால்தான் குளம் கைமாறும்.

கூட்டுக் குச்சிகள் நாரைகளுக்கு என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டன. அல்லிக்கொடிகள் நீர்நாய்களுக்கு என்றும் ஒப்புக்கொண்டன. நண்டுகள்தான் மிஞ்சின.

கரைச்சேற்றைக் கிளறுவதற்காக நாரைகளின் பாட்டன்மார் நண்டுகளை அலகில் தூக்கி வந்தார்களாம். அது எந்தக் காலமோ. இப்போது இருப்பவை எல்லாம் இங்கேயே பிறந்தவை.

நீங்கள் கொண்டுவந்தவை, நீங்களே அழைத்துப் போங்கள் என்றன நீர்நாய்கள். சிறகில்லாதவை எங்களோடு எப்படி வரும் என்றன நாரைகள். இரு பக்கமும் மிகவும் மரியாதையாகவே பேசின.

செங்காலி என்ற தாய் நண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் வயிற்று மடிப்பில் முட்டைகள் இருந்தன. குளத்தைத் தாண்டினால் காய்ந்த பொட்டல். ஓடு முற்றாத குஞ்சுகள் அங்கே வெந்துபோகும். அது கூழைக்கடாவைத் தேடிப் போனது.

"உங்களை நினைத்தால் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, தங்கச்சி," என்றது கூழைக்கடா.

"அலகில் மீன்வால் தெரிகிறது, அண்ணே."

கூழைக்கடா அவசரமாக விழுங்கியது. "இரண்டு பேரிடமும் என் கவலையைச் சொல்லிவிட்டேன்."

"என்ன சொன்னார்கள்?"

"கவலைப்பட்டதற்கு நன்றி சொன்னார்கள்."

 செங்காலி வயிற்று மடிப்பைத் திறந்து காட்டியது. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கறுப்பாக இரண்டு கண்கள், கனவு காண்பதுபோல, மெல்ல அசைந்தன.

"நீங்கள் இனி எதுவும் சொல்ல வேண்டாம், அண்ணே. எங்கள் இடம் எது என்று அவர்கள் சொல்லும்வரை சிறகைத் தட்டாமல் இருங்கள். அது போதும்."

கூழைக்கடா தண்ணீரைப் பார்த்தது. இருவரும் கோபித்துக்கொண்டால் இந்தக் குளத்தில் அதற்கு ஒரு மீன்கூடக் கிடைக்காது.

விடிந்தது. நாரைத் தலைவர் வணங்கினார். நீர்நாய்த் தலைவி தண்ணீர் ஓரத்தில், இறங்குவதற்காக ஒரு காலைத் தூக்கி நின்றாள். கூழைக்கடா சிறகை விரித்தது. கரையில் செங்காலியைப் பார்த்தது. விரித்த சிறகை மடக்கிக்கொண்டது.

"நண்டுகளுக்குப் பதில் சொல்லுங்கள். பிறகு தட்டுகிறேன்."

நாரைகளால் கிளம்ப முடியவில்லை. நீர்நாய்களால் இறங்க முடியவில்லை. குளம் யாருடையதும் இல்லாமல் பனிக்குள் மிதந்தது. கரையில் வெயில் ஏறிச் சுட்டது. நீர்நாய்க் குட்டிகள் தண்ணீரைப் பார்த்துச் சிணுங்கின. பொட்டலின் சூடு எப்படி இருக்கும் என்று தலைவிக்கு அப்போதுதான் உறைத்தது.

"நண்டுகள் இங்கேயே இருக்கட்டும். எங்களைப் போலவே," என்றாள்.

"குஞ்சுகளும்தானே?" என்று கேட்டது கூழைக்கடா.

"குஞ்சுகளும். அவற்றின் குஞ்சுகளும்."

கூழைக்கடா சிறகைத் தட்டியது. அந்தக் காற்றில் பனி விலகியது. சில நாளில் செங்காலியின் மடிப்பிலிருந்து சின்னஞ்சிறு குஞ்சுகள் ஒவ்வொன்றாக அல்லி நிழலில் இறங்கின. கொண்டுவந்தவையா, முன்பே இருந்தவையா என்று யாரும் கேட்கவில்லை.

பிறருக்காகக் கவலைப்படுவதாகச் சொன்னால் மட்டும் போதாது. அவர்களுக்கு நியாயம் கிடைக்கும்வரை நம் சம்மதத்தைக் கொடுக்காமல் நிற்பதே உண்மையான உதவி.