தன் மேல் ஒட்டியதைப் படிக்காத குப்பி

ஒரு மருத்துவமனையின் மருந்துத் தட்டில் இரண்டு குப்பிகள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. இரண்டிலும் இருந்தது உப்புநீர்தான். பெரிய குப்பியில் மட்டும், கிருமி அண்டாமலிருக்கக் கொஞ்சம் பென்சைல் ஆல்கஹால் கலந்திருந்தார்கள். அந்தப் பெருமையில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னைத் திறந்து எத்தனை பேருக்கு எடுத்தாலும் கெடமாட்டேன். நீ?" என்றான்.

"நான் ஒரே தடவைதான். மிச்சம் குப்பைக்கு," என்றது சின்னக் குப்பி.

"அடப் பாவமே! எனக்குள்ள இருக்கிற ஆல்கஹாலோட சொந்தக்காரங்களைக் கேளு. ஒருத்தன் சென்ட் கடையில வாசனையைக் கரைச்சு வைக்கிறான். இன்னொருத்தன் பழைய கதவுல பெயின்டை உரிக்கிறான்."

"கதவுலயே பெயின்ட் உரியுதுன்னா, பச்சப்புள்ளை என்னத்துக்கு ஆகும்? பிறந்த குழந்தைக்கு ஆகாதுன்னு உன் மேலயே ஒட்டியிருக்கே."

பெரிய குப்பி திகைத்தான். ஒட்டியது வெளிப்பக்கம் அல்லவா! அவன் எங்கே படித்தான்?

"கிருமியை விரட்டுறவன் குழந்தைக்கு ஆகாதவனா? பொறாமையில சொல்றே."

"பெரியவங்க கல்லீரல் உன்னை மாத்தி வெளியே அனுப்பிடும். பச்சப்புள்ளைக்கு அந்தப் பக்குவம் வரலை. நீ உள்ளேயே அமிலமாத் தங்கி மூச்சைத் திணறடிப்பே."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் நல்லவனா, கெட்டவனா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

அன்று குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கையில் ஊசிக்குழாய் போட்டாயிற்று. அதைக் கழுவிவிட உப்புநீர் வேண்டும். அவசரத்தில் நர்ஸ் எப்சிபாவின் கை பெரிய குப்பியை எடுத்தது.

"இதுலயே பாதி கிடக்கே, புதுசை எதுக்கு உடைக்கணும்?" என்றாள். சிக்கனமான பெண்.

பெரிய குப்பிக்குப் பெருமை பொங்கியது. அப்போதுதான் குழந்தையைப் பார்த்தான். உள்ளங்கை அகலம்கூட இல்லாத நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சின்னக் குப்பி சொன்னது பொய்யாக இருந்தால் சரி. மெய்யாக இருந்தால்? தெரியவில்லையே! அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தான். சுக்குநூறு.

"ஐயோ, நல்ல மருந்து வீணாப்போச்சே!" என்று நொந்துகொண்டே எப்சிபா சின்னக் குப்பியை உடைத்தாள்.

சற்று நேரத்தில் சின்னக் குப்பியும் கண்ணாடிக் குப்பைத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. சில்லுகளுக்கு நடுவிலிருந்து பெரியவன் குரல் கேட்டது. நல்லவனா கெட்டவனா என்று அவன் கேட்கவில்லை.

"புள்ளை மூச்சு விடுதா?"

"விடுது."