தவளைகள் ஒப்பித்த எச்சரிக்கை

ஆமையை முதலில் அவமானப்படுத்தியது மயில் வாத்தியார்தான். "உன் தடித்த நாக்குக்கு இங்கிலீஷ் வராது, போ!" என்று காட்டுக்குளத்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து அதைத் துரத்தி எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. ஆமை மறக்கவில்லை. ஆமைக்கு ஆயுசும் நீளம், ஞாபகமும் நீளம்.

ஒருநாள் குளக்கரையில் ஒரு நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிவதை அது கண்டது. சுற்றிலும் மண் கரைந்துகொண்டிருந்தது. எல்லாரும் வந்து ஆளுக்கொரு வாய் சேறு அப்பினால் அடைபட்டுவிடும். விட்டால் குளமே போய்விடும். கோடைக்கு அந்தக் காட்டில் வேறு தண்ணீர் கிடையாது.

ஆமை மூச்சிரைக்க இங்கிலீஷ் வகுப்புக்கு வந்தது.

மயில் தோகையை விரித்து, தவளைகளுக்குப் பழங்காலக் கிரேக்க நாடகம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. "ராஜாவுக்கு அழிவு வருகிறது. ஊர்க் கிழவர்கள் கூட்டமாக நின்று எச்சரிக்கிறார்கள். ராஜா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை! அதனால்தான் இது துன்பியல் நாடகம். நான் ராஜா, நீங்கள் கிழவர்கள். எங்கே, எச்சரியுங்கள்!"

"கரை உடையுது!" என்று கத்தியது ஆமை.

"கரை உடையுது!" என்று தவளைகள் ஒரே குரலில் ஒப்பித்தன. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லியே பழகிய கூட்டம் அது.

"அடப் பாவிகளா, நாடகமில்லை! நிஜமாகவே உடையுது!"

"அடப் பாவிகளா, நாடகமில்லை! நிஜமாகவே உடையுது!"

மயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "அபாரம்! என்ன உணர்ச்சி!"

"வாத்தியாரே, கொஞ்சம் திரும்பிப் பாருமய்யா! அவ்வளவு நீளக் கழுத்து எதற்கு?"

"ராஜா வேஷத்தில் இருக்கிறேன். ராஜா திரும்பிப் பார்த்தால் நாடகமே கெட்டுவிடும். படிக்காத உனக்கு இதெல்லாம் எங்கே விளங்கும்? பரீட்சைக்கு வரும் பாடம், தொந்தரவு பண்ணாதே!"

தலையில் அடித்துக்கொள்ளலாமென்றால் ஆமைக்குக் கை எட்டவில்லை. தனியாகவே கரைக்குப் போயிற்று. ஒரு வாய் சேறு அப்பியது. அடுத்த வாய்க்குத் திரும்புவதற்குள் கரை பிளந்தது. குளத்துத் தண்ணீர் முழுவதும் காட்டுக்குள் ஓடிப்போயிற்று.

மயில் பறந்துபோய்க் கிளையில் உட்கார்ந்தது. "பார்த்தீர்களா, நான் நடத்திய பாடம் எவ்வளவு உண்மை!"

"முதலில் எச்சரித்தது யார்?" என்று சேற்றிலிருந்து கேட்டது ஆமை.

"நாங்கள்தான்!" என்றன தவளைகள்.

"ஆமை சொன்னது சரி" என்ற ஒரு வார்த்தையை மயில் இன்றுவரை சொல்லவில்லை. வற்றிய குளத்தில் ஆமை காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

எச்சரிக்கையை ஒப்பிக்கத் தெரிந்தால் போதாது, எழுந்து போய்ப் பார்க்கவும் தெரிய வேண்டும்.