உள்ளே கிடக்கிற சாமான்

தூத்துக்குடியில் முன்பு 'மரகதம்' என்று ஓர் உல்லாசப் படகு இருந்தது. உப்பு வியாபாரத்தை மகனிடம் ஒப்படைத்த பெர்க்மான்ஸ் வாஸ், மனைவி ஹில்டாவோடு கரையோரமாகவே ஊர் ஊராகச் சுற்றி வருவதற்காக வாங்கியது.

படகில் மிகுந்த மரியாதைக்குரியவர் முன்பக்கம் தொங்கிய பித்தளை மணி. அவருக்கு வேலை என்று எதுவும் கிடையாது. அதனால்தான் அவ்வளவு மரியாதை. அடுத்த இடம் வெள்ளைப் பெயின்ட்டுக்கு. அதற்கடுத்தது நீலப்பட்டு உறை போட்ட குஷனுக்கு; உறை அழுக்காகிவிடும் என்று யாரும் அவர்மேல் உட்காருவதில்லை.

கீழே, எஞ்சின் இருந்த இருட்டில் கிளாம்ப் இருந்தான். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரைக் கொண்டுவரும் ரப்பர் குழாயை, படகின் அடியில் இருந்த வால்வோடு சேர்த்து இறுக்கியிருந்த சாதாரண இரும்பு வளையம். பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே அவன் வேலை. விட்டால் கடல் உள்ளே வந்துவிடும்.

துரு ஏறி ஏறி, கிளாம்ப் ஒருநாள் வாய்விட்டுக் கத்தினான். "ஐயா, மேலே இருக்கிறவர்களே! என்னால் முடியவில்லை. என்னை மாற்றச் சொல்லுங்கள்."

மணி முகம் சுளித்தார். "யாரது, கீழேயிருந்து சத்தம் போடுவது?"

"யாரோ கீழே கிடக்கிறவராம்" என்றார் பெயின்ட். "நம் படகிலா இருக்கிறார்?"

"ஒரே படகில் இருக்கிறோம் என்பதற்காக இப்படி உரிமை கொண்டாடக் கூடாது" என்றார் குஷன்.

பக்கத்திலிருந்த வால்வு முனகினான். "விடப்பா. என்னையும் ஒருவரும் திருகிப் பார்த்ததில்லை. இறுகிப்போய்க் கிடக்கிறேன். நீ விட்டால் என்னால் மூடக்கூட முடியாது."

பயணம் புறப்படும் முன் பராமரிப்பு நாள் வந்தது. பெர்க்மான்ஸ் காலை முழுக்க மணியைப் பாலிஷ் போட்டார். பெயின்ட்டுக்கு இன்னொரு கோட் அடித்தார். ஹில்டா எஞ்சின் அறைக்குள் குனிந்து டார்ச் அடித்தாள்.

"என்னங்க, இந்தக் குழாயில மாட்டியிருக்கிறது துருப்பிடிச்சு உதிருது. கொஞ்சம் பாருங்களேன்."

"அதெல்லாம் உள்ள கிடக்குற சாமான். யாரு பாக்கப் போறா?" என்றார் பெர்க்மான்ஸ். மணியைத் துடைத்த துணியைத் எஞ்சின் அறையின் திறந்திருந்த மூடிவழியே கீழே போட்டுவிட்டுக் கைகழுவப் போனார்.

மறுநாள் கரை மங்கலாகத் தெரியும் தூரத்தில் கிளாம்ப் உடைந்தான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. குழாய் கழன்றது. வால்வு வழியாகக் கடல், அழைத்த விருந்தாளிபோல உள்ளே வந்தது.

தண்ணீர் இறைக்கும் பம்ப் உடனே வேலையைத் தொடங்கினான். தொடங்கியவன் அப்படியே நின்றான். வாய் நிறைய பாலிஷ் துணி.

மேலே அவசரக் கூட்டம் கூடியது. "தண்ணீர் வருவதை அனுமதிக்க முடியாது" என்றார் மணி. யாரும் மறுக்கவில்லை. தண்ணீரிடம்தான் ஒருவரும் சொல்லவில்லை.

"ஹில்டா, தண்ணி! எஞ்சின் முங்குது!" பெர்க்மான்ஸ் கத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு வால்வைப் பிடித்துத் திருகினார். அது அசையவில்லை.

ஹில்டா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். "அந்தக் குஷனை எடுங்க!"

"அது பட்டு..."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

குஷன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலைக்கு அழைக்கப்பட்டார். ஹில்டா அவரைச் சுருட்டி, வால்வின் வாயில் திணித்து, முழங்காலால் அழுத்தினாள். ஒரு கையைக் கலங்கிய தண்ணீருக்குள் விட்டுத் துழாவி, பம்ப்பின் வாயிலிருந்து துணியை இழுத்தாள். பம்ப் இருமிவிட்டு இறைக்க ஆரம்பித்தான்.

மீன்பிடிப் படகு ஒன்று வந்து கயிறு கட்டி இழுத்துப்போகும்வரை அவள் முழங்காலை எடுக்கவில்லை. பெர்க்மான்ஸ் வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், "நேத்தே பாத்திருக்கணும்" என்றார்.

"இனிமே முதல்ல கீழ. மேல இருக்கிறதெல்லாம் நேரம் கிடைச்சா" என்றாள் ஹில்டா.

படகை இழுத்துக் கரையில் ஏற்றியதும் மணி தலைமையில் விசாரணை நடந்தது. தீர்ப்பு ஒருமனதாக வந்தது: கிளாம்ப் பொறுப்பில்லாதவன், நடுக்கடலில் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப்போனவன். குஷனுக்குப் பாராட்டு. உப்பேறி நாறியதால் அவரால் மேடைக்கு வர முடியவில்லை.

அந்த நேரத்தில் கீழே ஹில்டா வால்வைக் கழற்றி, புதிதாக வாங்கிவந்ததைப் பொருத்திக்கொண்டிருந்தாள். புதுக் குழாயில் துருப்பிடிக்காத புதுக் கிளாம்ப்பை மாட்டித் திருகினாள். மேலே நடந்த பேச்சு அவனுக்கும் கேட்டது.

"எனக்கு முன்னால் இங்கே இருந்தவன் அவ்வளவு மோசமா?" என்று பம்ப்பிடம் கேட்டான்.

"இத்தனை வருஷமாக அவன்தான் கடலை வெளியே நிறுத்தி வைத்திருந்தான்" என்றான் பம்ப்.

"அப்படியானால் அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூட ஏன் யாரும் சொல்லவில்லை?"

"அவன் பிடித்திருந்த வரைக்கும் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. விட்ட அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது."