கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைச் சீட்டு

அந்தக் காலத்து அமெரிக்காவில், கோதுமை விளைகிற சமவெளி நடுவே ஒரு ஊர் இருந்தது. ஊர் என்று பெயர்தான். ரயில் ஒரு கம்பெனியுடையது, கோதுமைக் கிடங்கு அதே கம்பெனியுடையது, தண்டவாளக் கூலிகள் குடியிருந்த வீடுகளும் கம்பெனியுடையவை. தேர்தல் மட்டும் ஜனங்களுடையது என்று சொல்லிக்கொண்டார்கள். சொல்லிக்கொள்ள என்ன, காசா பணமா?

அங்கே ஓட்டுப் போட ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். அதன் அடிப்பலகைக்குக் கீழே ரகசியமாக இன்னொரு அறை. கம்பெனிக் கட்சியின் சீட்டுகளை முன்கூட்டியே அதில் ரொப்பி வைப்பார்கள். ஒரு வருஷம் ஊரில் இருந்த ஆண்களைவிட விழுந்த ஓட்டு அதிகமாகிவிட, குட்டு உடைந்தது. விட்காம் என்று ஒரு வக்கீல், நல்ல மனுஷர், ஊரைக் கூட்டிச் சண்டை போட்டு, கண்ணாடியில் ஒரு பெட்டி வரவழைத்தார். மரப்பெட்டியை அடுப்போரம் தள்ளி, அதில் விறகு போட்டு வைத்தார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குத் தலைகால் புரியவில்லை. "உன்னைப் போல எனக்கு வயித்துக்குள்ள வயிறு கிடையாது. என்னை யார் வேணும்னாலும் பார்த்துக்கலாம்" என்றது.

மரப்பெட்டி, தான் செய்தது அயோக்கியத்தனம்தான் என்று ஒப்புக்கொண்டது. பிறகு, "யார் வேணும்னாலும்னா, அந்த பிராடியுமா?" என்று கேட்டது.

பிராடி கம்பெனியின் மேஸ்திரி. தேர்தலன்று காலையிலிருந்தே அடுப்பண்டை நாற்காலி போட்டு உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். கண் மட்டும் கண்ணாடிமேல் இருந்தது.

அப்போதெல்லாம் ஓட்டுச் சீட்டை சர்க்கார் அச்சடிப்பதில்லை. ஒவ்வொரு கட்சியும் தனக்கென்று ஒரு நிறத்தில் அடித்துக் கொடுக்கும். அதைக் கொண்டுவந்து பெட்டியில் போடவேண்டியதுதான். கம்பெனிக் கட்சிக்கு மஞ்சள். கோதுமை ஏற்றுகிற ரயில் கட்டணத்தைக் குறைக்கச் சொன்ன விவசாயிகள் கட்சிக்கு வெள்ளை. பெட்டியை மாற்றிய புத்திசாலிகளில் ஒருவருக்கும் சீட்டை மாற்றத் தோன்றவில்லை.

தண்டவாளக் கூலி ஹென்ரிக் வந்தான். அவன் அண்ணன் விவசாயி. விளைந்ததெல்லாம் ரயில் கட்டணத்துக்கே போக, நிலம் கைவிட்டுப் போகிற நிலைமை. அதனால் ஹென்ரிக் வருஷா வருஷம் வெள்ளைச் சீட்டைத்தான் கைக்குள் மறைத்துக் கொண்டுவந்து மரப்பெட்டியில் போட்டு வந்தான். இந்தத் தடவை கண்ணாடியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. வீட்டில் மனைவி இன்கிரிட் நிறைமாசம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

விட்காம் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். "பயப்படாம போடு, ஹென்ரிக். இனிமே உன் ஓட்டை யாரும் திருட முடியாது."

போட்டான்.

உள்ளே விழுந்த வெள்ளைச் சீட்டு கண்ணாடியைக் கெஞ்சியது. "என்னை அந்த மஞ்சளுங்களுக்கு அடியில தள்ளிடேன். அந்த மனுஷன் பொண்டாட்டி பிள்ளைத்தாச்சி."

"ஒளிக்க என்கிட்ட இடமே இல்லையே" என்றது கண்ணாடிப் பெட்டி. "அதுக்காகத்தானே என்னைக் கொண்டுவந்தாங்க." அதன் குரலில் இப்போது பெருமை இல்லை.

பிராடி சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். "ஹென்ரிக், இன்கிரிட் சௌக்கியமா?"

"சௌக்கியம், ஐயா."

"பார்த்துக்கோ. குளிர் ஜாஸ்தி."

அந்த வாரமே வேலை போயிற்று. வீட்டைக் கம்பெனி பூட்டிக்கொண்டது. அண்ணன் ஊருக்குப் போகிற வழியில், பனிக்குள், வண்டியிலேயே பிரசவம். குழந்தை தங்கவில்லை. பாவிகள்.

சேதி கேட்ட கண்ணாடிப் பெட்டி மரப்பெட்டியிடம், "நான் ஒரு பொய்யும் சொல்லலையே?" என்றது.

"நான் திருடன்தான்" என்றது மரப்பெட்டி. "ஆனா எனக்குள்ள விழுந்த சீட்டு யாருதுன்னு எனக்கே தெரியாது."

அடுத்த தேர்தல் வந்தது. கூலிகள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவனும் பிராடிக்குத் தெரிகிற மாதிரி சீட்டைத் தூக்கிப் பிடித்துப் போட்டுவிட்டு, தலை நிமிராமல் போனான். சாயங்காலம் பெட்டி கழுத்துவரை ஒரே மஞ்சள். தன்மேல் யாராவது கரி பூசமாட்டார்களா என்று அது அலறியது. அதன் குரல் யார் காதில் விழும்?

விட்காமுக்குக் கண் கலங்கியிருந்தது. "பாருங்க, ஒரு கள்ள ஓட்டு கிடையாது" என்றார் எல்லாரிடமும். பிறகு கைக்குட்டையை எடுத்து, பிராடியின் சுருட்டுப் புகை படிந்து மங்கியிருந்த பக்கத்தைப் பளபளவென்று துடைத்து வைத்தார்.