கை படாத பெட்ரோமாக்ஸ்

ஊரெல்லாம் தேடிப் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்குகளை வாங்கிக் குவித்தவர் தர்மராயர். அவற்றைப் பழுது பார்த்துப் பளபளக்க வைத்தவள் வேலைக்காரி வேம்பு. ஆனால் தன் வீட்டுக் கூடத்தில் வைத்த கண்காட்சிக்கு வந்தவர்கள் முன்னால் அவர், "எல்லாம் என் கைவேலை!" என்று மார்தட்டினார். "வேம்பு, இந்த விளக்கை ஏத்து. பித்தளையில உன் விரல் பட்டா வேலை போச்சு!"

"உங்க கைவேலையாச்சே, நீங்களே ஏத்துங்கய்யா," என்றாள் வேம்பு.

மறுக்க வழியில்லை. தர்மராயர் விளக்கை முதலில் சூடேற்றாமலே பம்ப் அடித்துத் தீ வைத்தார். கரும்புகை குப்பென்று அவர் முகத்தில் அடித்தது.

வேம்பு முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு காற்றை இறக்கினாள், ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றினாள், மெல்லப் பம்ப் அடித்தாள். உஸ்ஸென்ற இரைச்சலோடு நிலவே கூடத்துக்குள் இறங்கியதுபோல் வெளிச்சம்! 

"பித்தளை சுத்தமா இருக்குங்கய்யா," என்றாள் வேம்பு. "உங்க மூஞ்சியைத் துடைக்கட்டுமா, இல்லே அதுலயும் விரல் படக் கூடாதா?"