உதைச்சவர் கை

நான் விழுறவன். சினிமாவுல ஃபைட்டர்னு சொல்வாங்க. ஹீரோ உதைப்பார், நான் மல்லாக்க விழுவேன். இருபத்தாறு வருஷமா இதுதான் பொழப்பு. பேரு தனபால். படத்துல பேரு கடைசியில வரும், அதுக்குள்ள நீங்க எழுந்து பைக் எடுக்கப் போயிருப்பீங்க.

எங்க தொழில்ல ஒரு முறை உண்டு. கால் மார்ல படும், அடி படாது. சட்டையைத் தொட்டுட்டு நின்னுடணும். மிச்சத்தை நான் பார்த்துக்குவேன். இது தெரியாத புது ஹீரோ நிஜமாவே உதைச்சிட்டு, "ஸாரிண்ணே"ன்னு ஐஸ் கட்டியைத் தூக்கிட்டு ஓடி வருவார். அந்த ஸாரியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, விலா எலும்பு போனது போனதுதான்.

இளங்கீரன் சார் அப்படி இல்ல. பதினோரு படத்துல அவர்கிட்ட உதை வாங்கியிருக்கேன், ஒரு நாளும் வலிச்சதில்ல. முப்பத்தொன்பது வயசு அவருக்கு. கடைசி மூணு படம் ஓடல. அது முகத்துல தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு.

ஒரு நாள் காலையில சாலிகிராமத்துல மெர்சி மாஸ்டரோட ஹாலுக்கு வந்தார். தையல் கடைக்கு மேல மாடி, தகரக் கூரை, தரையில நாலு மெத்தை. மே மாசம் வேற. சும்மா நின்னாலே சட்டை நனையும்.

மெர்சி மாஸ்டர் இருபது வருஷம் ஹீரோயின்களுக்கு டூப் போட்டவங்க. விக் வச்சுக்கிட்டு, முதுகை மட்டும் காட்டிக்கிட்டு, கண்ணாடியை உடைச்சுக்கிட்டு குதிச்சவங்க. முகம் ஒரு ஃப்ரேம்ல கூட வந்ததில்ல. ஆனா தியேட்டர்ல நாங்க கண்டுபிடிச்சிடுவோம். "டேய், இது மெர்சிடா"ன்னு யாராவது கத்துவான். முட்டி போனப்புறம் ஸ்டண்ட் மாஸ்டர் ஆயிட்டாங்க. இளங்கீரன் சாரை விட நாலு வயசுதான் பெரியவங்க.

"மாஸ்டர், எனக்குன்னு ஒரு ஸ்டைல் வேணும்"னார்.

"இப்ப எதுக்கு சார் திடீர்னு?"

"புதுப் படத்துல முகத்துல துண்டு கட்டிக்கிட்டுத்தான் சண்டை எல்லாமே. துண்டு கட்டியிருந்தாலும் நான்தான்னு ஜனங்களுக்குத் தெரியணும்னு டைரக்டர் சொல்லிட்டார். பத்து நாள் டைம் குடுத்திருக்கார். தெரியலன்னா வேற ஹீரோவாம்."

"வேற ஹீரோ பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு மாஸ்டர்."

சொல்லும்போதே குரல் இறங்கிப்போச்சு. இந்தப் படமும் கைவிட்டுப் போனா அவருக்கு அடுத்த படம்னு ஒண்ணு கிடையாது. அது மாஸ்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கீழே காஜா எடுத்துக்கிட்டிருந்த தையல்காரருக்கும் தெரியும்.

"பண்ணிக் காட்டுங்க."

காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, ஆளு உழைப்பாளி. கராத்தே, கிக் பாக்ஸிங், சிலம்பக் கால்வரிசை எல்லாம் முறையா கத்துக்கிட்டவர். கால் மணி நேரம் ஹாலையே சுத்திச் சுத்தி வந்தார்.

"இந்தச் சுத்து எங்கே பிடிச்சீங்க?"

"ஹாங்காங் படத்துல பார்த்தது."

"அந்தக் குதி?"

"தெலுங்குல ஒருத்தர் பண்ணுவார்."

"தோளைச் சிலுப்புனீங்களே, அது?"

அவர் சட்டைக் கையால நெத்தியைத் துடைச்சுக்கிட்டார். அதுவும் யாருதோதான்.

மாஸ்டர் பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து முட்டியைத் தேய்ச்சாங்க. "எல்லாரும் வந்தாங்க சார். நீங்க மட்டும் வரல"ன்னாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "தனபால் அண்ணே, நில்லுங்க"ன்னாங்க.

நின்னேன்.

"சார், ஒரு உதை. நேரா மார்ல. அது போதும்."

உதைச்சார், விழுந்தேன். எழுந்தேன். மறுபடி உதைச்சார். அன்னைக்கு அது ஒண்ணேதான். மறுநாளும் அதேதான். அதுக்கு மறுநாளும். எத்தனைன்னு கேட்காதீங்க, நான் எண்ணுறதை முதல் நாள் மத்தியானமே விட்டுட்டேன். ஐம்பத்தோரு வயசுல மெத்தையும் தரையும் ஒண்ணுதான். வீட்டுக்குப் போய் குப்புறப் படுத்தா, எம் பொண்டாட்டி தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டே ஹீரோ, மாஸ்டர், டைரக்டர்னு வரிசையா திட்டுவா.

மூணாவது நாள் இளங்கீரன் சாரே உட்கார்ந்துட்டார்.

"மூணு நாளா நான் என்ன மாஸ்டர் கத்துக்கிட்டேன்?"

"நீங்க ஒண்ணும் கத்துக்கல சார். நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"என்னத்தை?"

"தெரிஞ்சா நிறுத்த மாட்டேனா? அண்ணனுக்கு முதுகு போகுது பாருங்க."

நாலாவது நாள் டீ குடிக்கும்போது மாஸ்டர் என்னைக் கேட்டாங்க. "அண்ணே, எத்தனையோ ஹீரோகிட்ட வாங்கியிருக்கீங்க. சார் உதையில மட்டும் என்ன இருக்கு?"

ஹீரோவை வச்சுக்கிட்டே ஹீரோவைப் பத்தி ஃபைட்டர் வாயைத் திறக்கலாமா? மறுநாள் எவன் கூப்பிடுவான்? டீயை ஊதிக்கிட்டே இருந்தேன்.

"சொல்லுங்கண்ணே"ன்னு அவரே சொன்னார்.

"கை சார்."

"கையா? உதைக்கிறது கால் ஆச்சே."

"கால் என் மேல பட்டதும் உங்க வலது கை இறுகும் சார். எதையோ விடாம பிடிச்சு வச்சிருப்பீங்க. உடனே தோளு கட்டை ஆயிடும். அதுக்கப்புறம் நீங்க என்ன பண்ணினாலும் உடம்புல ஒட்டாது."

அவர் முகம் செத்துப்போச்சு. அப்புறம், "அண்ணனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?"ன்னார்.

"விழுந்தது நான்தானே சார்."

மாஸ்டர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. நான்தான் சொன்னேன். அவரோட முதல் படம், மார்க்கெட் செட், முதல் சண்டை. உதைச்சார், நான் விழுந்தேன். உடனே ஒரு எட்டு முன்னால வந்து, குனிஞ்சு, என் தோளைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். பஸ்ல தெரியாம கால் பட்டா நாம பண்ணுவோமே, அதேதான். கேமரா ஓடுதுன்னு அவருக்கு ஞாபகமே இல்ல. டைரக்டர் மைக்லயே கத்தினார். "யோவ், உதைக்க வந்தியா, ஆசீர்வாதம் வாங்க வந்தியா?" யூனிட்டே சிரிச்சுது. படுத்துக்கிட்டே நானும் சிரிச்சேன். அதை நெனச்சா இப்பவும் எனக்குக் கூசுது. அடுத்தடுத்த டேக்லயும் கை தானா வந்துச்சு. பதினாலாவது டேக்ல வரல. டைரக்டர் கை தட்டினார்.

"அது தப்பு மாஸ்டர்"னார் இளங்கீரன் சார். "அதை மறக்கத்தான் இத்தனையும் கத்துக்கிட்டேன்."

"இத்தனையும் ஆளாளுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அந்தத் தப்பை யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல."

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வச்சாங்க. "கையை விட்டுடுங்க சார்."

சொல்லிட்டாங்க, ஆனா கை எங்கே விட்டுச்சு? பன்னெண்டு வருஷமா பிடிச்சு வச்சது. அன்னைக்கு முழுக்க முயற்சி பண்ணினார். நடிக்கிறது தெரிஞ்சுது, அவருக்கே பிடிக்கல. அஞ்சாம் நாள் சாயங்காலம், ரெண்டு பேருக்கும் நிக்கவே தெம்பு இல்லாத நேரத்துல, அது வந்துச்சு. உதைச்சார், விழுந்தேன், குனிஞ்சு தொட்டார். சூடா, ஈரமா இருந்துச்சு அந்தக் கை. கண்ணுல ஒத்திக்கிட்டு, அந்தக் குனிவுலேர்ந்தே அடுத்த உதைக்கு எழும்பினார். தோளு துணி கணக்கா தளர்ந்திருந்துச்சு. அப்படி ஒரு உதையை நான் எந்த மொழிப் படத்துலயும் பார்த்ததில்ல.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இருபத்தாறு வருஷமா எத்தனை பேர் என்னை உதைச்சிருக்காங்க, மறுபடி ஒருத்தர் தொட்டாரேன்னு இருந்துச்சு. வேர்வைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

மாஸ்டர் பாராட்டல. "போதும், வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்லிட்டாங்க.

ஆறாம் நாள் அவர் எனக்கு முன்னாலேயே வந்து கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு இருந்தார். குனியுறார், கையை நீட்டுறார், கண்ணுக்குக் கொண்டு போறார். மணிக்கட்டுல லேசா ஒரு திருப்பு சேர்த்தார். நல்லாத்தான் இருந்துச்சு. போனை சுவத்துல சாய்ச்சு வச்சு எடுத்து எடுத்துப் பார்த்தார். மாஸ்டர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, குறுக்க ஒரு வார்த்தை சொல்லல. நடுநடுவுல என்னை உதைச்சும் பார்த்துக்குவார். நாலு நாள் இப்படியே போச்சு.

பத்தாம் நாள் டைரக்டர் வந்தார். இருபத்தெட்டு வயசுப் பையன், கண்ணுல தூக்கமே இல்ல. இளங்கீரன் சார் முகத்துல துண்டைக் கட்டிக்கிட்டார். நானும் இன்னும் ரெண்டு ஃபைட்டர்களும் வரிசையா போய் விழுந்தோம். உதை, குனிவு, தொடுகை, கண்ணு, அடுத்த உதை. சுத்தமா, அழகா, ஒரே மூச்சுல பண்ணினார். டைரக்டர் விசிலே அடிச்சிட்டார்.

"சார்! இதான் சார்! தியேட்டர் கிழிஞ்சிடும் சார்! திங்கக்கிழமை ஷூட்டிங், நீங்கதான் ஹீரோ!"

கட்டிப் பிடிச்சுட்டு, தடதடன்னு படி இறங்கிப் போயிட்டார். அந்த ரெண்டு ஃபைட்டர்களும் சாப்பிடப் போனாங்க. நான் எழுந்திருக்கல, மெத்தையிலேயே கிடந்தேன். இளங்கீரன் சார் துண்டைக் கழுத்துக்கு இறக்கிக்கிட்டு மாஸ்டர் கிட்ட வந்தார். பத்து நாள்ல முதல் தடவையா சிரிச்சார்.

"மாஸ்டர், சந்தோஷம்தானே?"

"படம் கிடைச்சிடுச்சு சார். சந்தோஷம்தான்."

"அப்ப முகம் ஏன் இப்படி இருக்கு?"

"அண்ணனைக் கேளுங்க."

என் பக்கத்துல வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "என்னண்ணே?"

ஒண்ணுமில்ல சார்னு சொல்லிட்டு எழுந்து போயிருக்கலாம். மனுஷன் சிரிச்சே எத்தனை நாள் ஆச்சு. ஆனா எனக்கும் விழுந்து விழுந்து அலுத்துப் போயிருந்துச்சு.

"கை படல சார்."

"எந்தக் கை?"

"குனிஞ்சு தொடுறீங்களே, அது. தோளுக்கு ரெண்டு விரல் முன்னாலேயே நின்னுடுது. அஞ்சாம் நாள் பட்டுச்சு. அப்புறம் ஒரு நாளும் படல."

"போன்ல பார்த்தேனே, பட்ட மாதிரிதானேண்ணே இருக்கு?"

"ஆமா சார். பட்ட மாதிரிதான் இருக்கு."

அவர் கையை ஒரு தடவை பார்த்துக்கிட்டார். அப்புறம் மாஸ்டர் பக்கம் திரும்பினார். கோபம் இல்ல, களைப்புதான் இருந்துச்சு குரல்ல.

"தொட்டுட்டு எழுந்தா ஒரு செகண்ட் லேட் ஆகுது மாஸ்டர். அடுத்த உதைக்கு டைமிங் போயிடுது. அடியே படாமதானே எல்லாம் பண்றோம்? இதையும் அப்படியே பண்ணினா என்ன?"

மாஸ்டர் சேரைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல எழுந்தாங்க.

"அடிதான் சார் படக் கூடாது."