விட்டுக்கொடுக்காத ஆட்டம்

ஜெபராணியிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் அவளைவிட இருபது வயது மூத்தவர். பெயர் கோமதிநாயகம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவள் சமூகப் பணியாளர். தீராத நோயுள்ள குழந்தைகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

உப்பளக் குடியிருப்பில் முத்துப்பேச்சி என்றொரு சிறுமி இருந்தாள். ஒன்பது வயது. கால் எலும்பில் புற்றுநோய். இனிக் குணமாக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டவுன் பிள்ளைகளுக்கு வலிமருந்து வீடு தேடிப் போனது. அதே மருந்துக்காக முத்துப்பேச்சி தன் அம்மா மடியில் கிடந்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் அலறிக்கொண்டு டவுனுக்குப் போய்வந்தாள்.

ஜெபராணி ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினாள்.

"ஒரு பிள்ளைக்காகவா இவ்வளவு?" என்று கேட்டார்கள்.

"ஒரு பிள்ளைக்காகத்தான்" என்றாள்.

கடைசியில், குடியிருப்புக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து கிடைத்தது. வலி அடங்கியது. ஆனால் சிறுமி யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டையும் தள்ளிவைத்தாள்.

"குணமாக்க முடியாது. வலியும் போயிருச்சு. இனி அந்தப் பிள்ளைக்கு நாம என்னதான் மேடம் கொடுக்க முடியும்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"வாங்க சார், போய்ப் பார்ப்போம்."

அவர் பெரிய பொம்மை ஒன்று வாங்கிக்கொண்டார். முத்துப்பேச்சி பொம்மையைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டிலோரத்தில் தாயக்கட்டமும் சோழிகளும் கிடந்தன.

"ஆடலாமா பாப்பா?" என்றார்.

ஆடினாள். ஆட்டத்துக்கு ஆட்டம் அவளே ஜெயித்தாள். மூன்றாவது ஆட்டத்தில், வெட்ட வேண்டிய காயை அவர் வெட்டாமல் விட்டபோது, சோழிகளை வாரித் தரையில் எறிந்தாள்.

"நீங்களும் அப்படித்தானா?"

"எப்படிம்மா?"

"எல்லாரும் எங்கிட்ட வேணும்னே தோக்காங்க."

ஜெபராணி சோழிகளைப் பொறுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். எடுத்த எடுப்பில் தாயம் போட்டாள். அடுத்தடுத்து இரண்டு காய்களை வெட்டினாள்.

"மேடம், சீக்குப் புள்ள மேடம்..." என்றாள் அம்மா உலகம்மாள்.

"காய் சீக்கில்லையே" என்று மூன்றாவதையும் வெட்டினாள் ஜெபராணி.

சிறுமியின் கண்கள் கூர்மையாயின. மூன்று விழுந்ததற்கு நான்கு கட்டம் நகர்த்தினாள்.

"ஏட்டி, அழுகுணி ஆட்டம் ஆடாத! காயைப் பின்னால வை!" என்று அதட்டினாள் ஜெபராணி.

அந்த வீட்டில் அப்படி ஒரு அதட்டல் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. முத்துப்பேச்சி வாய்விட்டுச் சிரித்தாள். வேலை முடிந்து திரும்பிய பெண்கள், காலில் ஒட்டிய உப்போடு வாசலில் கூடிவிட்டார்கள். ஜெபராணியோடு ஆடிய முதல் ஆட்டத்தில் முத்துப்பேச்சி படுதோல்வி.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் சோழிகளைக் கைக்குள் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, எங்கால் சரியாயிருமா?"

ஜெபராணி உலகம்மாளைப் பார்த்தாள். உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சொல்லிவிடுங்கள் என்பதுபோல் தலையசைத்தாள்.

"ஆகாது பேச்சி."

"வலிக்குமா?"

"வலிச்சா உடனே சொல்லு. வலிக்க விடமாட்டோம்."

சிறுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பக்கத்தில் வந்து அணைத்துக்கொண்டாள்.

"சரி, தள்ளும்மா. எனக்குத்தான் ஆட்டம்" என்றாள் முத்துப்பேச்சி.

சோழிகள் விழுந்தன. தாயம். மறுபடியும் தாயம். ஜெபராணியின் காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன. வாசல் பெண்கள் கட்சி பிரிந்து கத்தினார்கள். முத்துப்பேச்சியின் கடைசிக் காயும் கட்டம் முழுக்கச் சுற்றிவந்து பழமானபோது, வாத்தியாரே எழுந்து நின்று கைதட்டினார்.

"இன்னொரு ஆட்டம்!" என்றாள் சிறுமி.

"மொதல்ல சோத்தத் தின்னுட்டி! எம்புட்டு நேரமா ஆறிக்கிட்டுக் கெடக்கு!" என்று கத்திய உலகம்மாள், கத்திவிட்டோமே என்று பதறிப்போனாள்.

"அம்மா ஏசிட்டா! எல்லாரும் பாத்தீங்களா, அம்மா என்னைய ஏசிட்டா!" முத்துப்பேச்சி சிரித்துக்கொண்டே தட்டை இழுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த கோமதிநாயகம் கேட்டார்.

"அந்தக் கடைசி ஆட்டம்... விட்டுக்கொடுத்தீங்கதானே மேடம்?"

ஜெபராணி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். முகம் நிஜமாகவே வாடியிருந்தது.

"நீங்க வேற சார். உயிரைக் கொடுத்து ஆடியும் தோத்துட்டேன். நாளைக்கு வந்து அவளைத் தோக்கடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."